நீலவால் எலிகள்

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு தனியார் மருந்தியல் கல்லூரி. அங்கே ஆய்வுக்கு வளர்க்கும் எலிகளைப் பார்த்துக்கொள்வது தமிழ்ச்செல்வியின் வேலை. விலங்கியல் படித்தவள். இரண்டாயிரத்து ஐந்தில் அவளுடைய துறைத்தலைவர் கோபாலகிருஷ்ணனுக்கு, ஐம்பத்தோரு வயதில், டாக்டர் பட்டத்தின் மேல் ஆசை வந்தது. அந்த மனிதர் எலி அறையின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து அவள் பார்த்ததில்லை. கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு வெளியில் நின்றே, எல்லாம் நார்மல்தானே என்று கேட்பார். பதில் வருவதற்குள் போய்விடுவார்.

அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கல்லூரித் தாளாளருக்குக் கருங்குழிப் பக்கம் தண்ணீர் பாக்கெட் ஆலை. கழிவு பிளாஸ்டிக்கை அங்கே அரைக்கும்போது பறக்கும் தூள் கிணற்றில் விழுகிறது என்று ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். அந்தத் தூளைத் தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுத்தால் தாளாளரும் குளிர்ந்துபோவார், பட்டமும் கிடைக்கும். சோதனை தொடங்குவதற்கு முன்பே முடிவை எழுதி வைத்திருந்த ஆராய்ச்சி அது.

பதினாறு வெள்ளெலிகள். எட்டுக்குத் தீனியில் தூள் கலந்து கொடுத்தாள். அவற்றின் வாலில் நீல மை வைத்தாள். மற்ற எட்டுக்கு வெறும் தீனி. பெரிய தொட்டியில் பால் கலந்த தண்ணீர் ஊற்றி, உள்ளே கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு மேடை. எலி நீந்திப்போய் மேடையைக் கண்டுபிடிக்க வேண்டும். மறுநாள் அந்த இடத்தை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். முதல் மாதம் எல்லா எலிகளும் ஒரே மாதிரிதான் நீந்தின. மூன்றாம் மாதம் நீலவால் எலிகளில் ஆறு, தினமும் புதிதாய் வந்து விழுந்தவை போலத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. திறந்த பெட்டியில் விட்டால் நடுவுக்கே வராமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கின.

அறையைக் கழுவ வரும் ஆராயி இதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, போலீஸு வந்த வூடு மாதிரி பயந்துகினு கீதுங்க" என்றாள்.

தமிழ்ச்செல்வி எல்லாவற்றையும் நோட்டில் தேதி போட்டு எழுதினாள். பதினாறு எலியை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கண்டதைக் காணவில்லை என்று எழுத முடியாது. கோபாலகிருஷ்ணன் நோட்டைப் புரட்டினார். அந்த ஆறு எலிகளுக்கும் சீக்கு என்று எழுதிக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"சீக்கு எதுக்கும் இல்ல சார். நல்லாத் தின்னுது, எடையும் கூடிகினு கீது."

"எலியைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

"நீங்க ஒரு எலியையாவது பாத்திருக்கீங்களா சார்? தூள் தின்ன எலிக்கு இன்னா அடையாளம் வெச்சிருக்கோம், சொல்லுங்க."

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பதிலைத் தேடி மறுபடி நோட்டைப் புரட்டினார். இத்தனை நாள் இந்த ஆளுக்கா எழுந்து நின்று வணக்கம் சொன்னோம் என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த வாரமே வேலையை விட்டாள். நோட்டு அவர் மேசையில் கிடந்தது. அதற்கு முன்பே நாற்பது பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்திருந்தாள்.

செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆனபோது, கோபாலகிருஷ்ணன் அங்கேயே வந்து நின்றார். ஆய்வேட்டைப் படித்த வெளியூர்த் தேர்வாளர் அசல் குறிப்புகளைக் கேட்கிறாராம். பழைய நோட்டு கைதவறித் தொலைந்துவிட்டதாம். அவள் கையெழுத்தில் புதிதாக ஒரு நோட்டு எழுதித் தரவேண்டுமாம், பத்து எலிகளுக்கு மட்டும். பேசும்போது அவர் குரலில் இருந்த குழைவு, முன்பிருந்த அதிகாரத்தைவிட மட்டமாக இருந்தது.

தேர்வாளரின் விலாசத்தைக் கேட்டாள். புது நோட்டை நேராக அனுப்பப்போகிறாள் என்று நினைத்துச் சந்தோஷமாகவே எழுதிக் கொடுத்தார். அவளும் நேராகத்தான் அனுப்பினாள். பதினாறு எலிகள், நாற்பது பக்கம், தன் பெயரும் கையெழுத்தும் போட்டு, பதிவுத் தபாலில்.

மறுபடி எல்லாச் சோதனைகளையும் செய்யவேண்டும், ஆய்வாளரே தன் கையால் செய்யவேண்டும் என்று ஆய்வேடு திரும்பி வந்தது. இதை அவளுக்குச் சொன்னவள், நாலைந்து மாதம் கழித்துச் சர்க்கரை பார்க்க வந்த ஆராயி. ஐயா இப்போது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு எலி பிடிக்கிறாராம். இரண்டு தடவை கடி வாங்கியாயிற்றாம்.

"எலிங்க எப்படிக்கா கீது?" என்று கேட்டாள் தமிழ்ச்செல்வி.

"அதே கததான். மூணு மாசம் தூளு துன்னுதுங்க, இப்ப செவுத்த வுட்டு நவுர மாட்டேங்குதுங்க. அவரே குந்திகினு பாத்தாரு."

"பாத்துட்டு?"

"கெட்ட எலியா அனுப்பிட்டான்னு, எலி வித்தவனுக்குக் கடுதாசி எழுதிகினு கீறாரு."

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. ஆராயியின் விரலைத் துடைத்து, ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள்.