வக்கீலம்மாவின் கிடா

எங்கள் வக்கீலம்மாவுக்குக் கோபம் வந்தால், கீழ்த்தளத்துச் சலவைக்கடைக்காரர் துணி உலர்த்தும் இயந்திரங்களை நிறுத்திவிடுவார். கூரையிலிருந்து இறங்கும் சூட்டிலேயே துணி காய்ந்துவிடும். கம்பளிப் போர்வைகூடக் காயும். நம்பாதவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம். அந்த நன்றிக்குத்தான் எங்கள் அலுவலகத் திரைச்சீலையைச் சும்மா வெளுத்துக் கொடுக்கிறார். வக்கீலம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் குக்கர். முகத்துக்கு நேரே மேடம்.

உயிர் பிழைக்க நாட்டை விட்டு ஓடி வந்தவர்களுக்கு, இங்கேயே இருக்கலாம் என்று உத்தரவு வாங்கிக் கொடுப்பது எங்கள் தொழில். வக்கீல்கள் இரண்டே பேர். குக்கர் சிறுமியாக இருந்தபோது ஆட்டு லாரியில் ஒளிந்து எல்லை தாண்டியவர். வழி முழுக்க ஒரு கிடா அவர் நெஞ்சின் மேல் நின்றுகொண்டு வந்ததாம். பிறகு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டே சட்டம் படித்தார். இன்னொருவருக்கு முத்திரை என்று பெயர். குடியேற்ற அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து, 'நிராகரிக்கப்பட்டது' என்று குத்திக் குத்தியே வலது தோள் இறங்கிப்போனவர். ஒரு நாள் தூக்கத்தில் மனைவியின் நெற்றியிலும் குத்திவிட்டார். காலையில் அந்த அம்மாள் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டியதும், இவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். நான் மொழிபெயர்ப்பாளன். வெளியே எவ்வளவு கதை அளந்தாலும், விசாரணை அறைக்குள் ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

எங்களிடம் வருகிறவர்கள் லேசில் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். அதற்குக் குக்கர் ஒரு வழி வைத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு, முதலில் தன் கதையைச் சொல்வார். லாரி, இருட்டு, கிடா, எல்லைக் காவலனின் டார்ச் வெளிச்சம். கேட்பவர் அழுவார், அழுதால் பேச்சு வந்துவிடும். அதற்குப் பிறகு முத்திரை உள்ளே போய் வாக்குமூலம் எழுதிக்கொள்வார். அடுத்தவர் பட்ட அடியைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கக் குக்கரால் முடியாது.

இந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை தையல்காரியின் வழக்கில்தான் வெளியே வந்தது.

தையல்காரியின் கணவன் அவர்கள் ஊரில் போலீஸ் இன்ஸ்பெக்டர். மனைவி சொந்தமாகச் சம்பாதிக்கிறாள் என்ற எரிச்சலில், அவள் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியவன். தையல்காரி புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனார். புகார் வாங்கும் நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான். வழக்கு தோற்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அங்கே விமான நிலையத்தில் அவன் நிற்பான்.

குக்கர் வழக்கை நடத்த, முத்திரை உடன் இருக்க, விசாரணை நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவர் வயதானவர், மூக்கு உறிஞ்சியபடி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வாக்குமூலத்தில் 'தரை வழியாக வந்தார்' என்று மட்டும் இருந்ததைப் பிடித்துக்கொண்டு அரசு வக்கீல் எழுந்தார்.

"தரை வழின்னா எப்படி?"

"ஆட்டு லாரிலங்க," என்றார் தையல்காரி. "ஒரு கிடா என் நெஞ்சு மேல ஏறி நின்னுக்கிட்டே வந்துச்சு."

மொழிபெயர்த்தேன். என் பக்கத்தில் குக்கரின் பேனா மேசையில் விழுந்தது.

அரசு வக்கீல் சிரித்தார். "ஐயா, ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஆபீஸ்லேர்ந்து ஒரு கொத்தனார் வந்தார். அவர் நெஞ்சு மேலயும் ஒரு கிடா நின்னுச்சு. அந்தக் கிடாவுக்கு வேற வேலையே இல்லைங்களா?"

கொத்தனார் வழக்கை நடத்தியவர் முத்திரை, மொழிபெயர்த்தவர் வேறொருவர். குக்கரின் கதையை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் பக்கத்து லாரிகளில் ஆடு ஏறி நிற்பது சகஜம் போல என்று நினைத்திருந்தார். இப்போது குக்கரின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் விளங்கிவிட்டது. குக்கர் கொஞ்ச நேரம் அவகாசம் கேட்டார். நடுவர் கொடுத்தார்.

நடைவழிக்கு வந்ததும் விசில் அடித்தது.

"ஏம்மா, என் ஆட்டை எதுக்கு நீ ஓட்டிட்டு வந்தே?"

"உங்களை உள்ள விட்ட கதை அக்கா அது. என்னையும் விடும்னு நெனச்சேன்."

"அப்ப நீ எதுலதான் வந்தே?"

"பிளேன்ல."

"எதுல?"

"பக்கத்து நாடு வரைக்கும் பிளேனு. ஜன்னல் சீட்டு. அங்கேர்ந்து ஏசி பஸ்ஸு." தையல்காரியின் குரலும் ஏறியது. "உக்காந்த உடனே நீங்க அவ்ளோ கஷ்டத்தைச் சொல்லிட்டீங்க. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஜன்னல் சீட்டுன்னு சொல்றது? டிக்கெட் எடுத்துக் குடுத்தது என் நாத்தனாரு. அவ அண்ணனுக்குத் தெரிஞ்சா அவ கையும் போயிரும்."

"அட அறிவுகெட்ட..." என்று ஆரம்பித்த குக்கர், யாரைச் சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து முடித்தார். ஓரத்தில் இருந்த காப்பி இயந்திரம், யாரும் தொடாமலே கொதித்து ஊற்றியது. நான் ஒரு கோப்பை பிடித்துக்கொண்டேன்.

முத்திரை மட்டும் நிதானமாகப் பேசினார். "மேடம், நீங்க பேசாம இருந்தா இவங்க பொய்க்காரி, கேஸ் போச்சு. உங்க கதைன்னு ஒத்துக்கிட்டா, சாட்சிக்குச் சொல்லிக்குடுத்தீங்கன்னு உங்க மேல புகார் போகும். லைசென்ஸ் போனாலும் போகும். நான் அந்தப் பக்கம் இருந்தவன், எனக்குத் தெரியும். விட மாட்டாங்க."

"பாத்திரம் கழுவத் தெரியும்யா எனக்கு," என்று சொல்லிவிட்டுக் குக்கர் உள்ளே நடந்தார்.

"ஐயா, அந்தக் கிடா என்னோடது," என்று நடுவரிடம் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். நாத்தனார் விஷயம் இந்த அறையை விட்டுப் போகக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். நடுவர் தலையசைத்தார். தையல்காரி விமானத்தையும் பஸ்ஸையும் தன் வாயால் சொன்னார்.

அரசு வக்கீல் டையைச் சரிசெய்துகொண்டார். "ஆக, உசுருக்குப் பயந்து ஓடி வந்தவங்க ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கியிருக்காங்க."

அதை நான் தையல்காரியிடம் சொன்னேன். அதுவரை தரையைப் பார்த்தே பேசிய பெண் எழுந்து நின்றார்.

"ஆமாய்யா, கேட்டுத்தான் வாங்குனேன். அந்த ஊரு சின்னதாயி, சின்னதாயி, இல்லாமப் போறதை என் கண்ணால பாக்கணும்னு கேட்டேன். அதுல உனக்கென்ன வயித்தெரிச்சல்? நான் நசுங்கி வந்திருந்தாத்தான் நம்புவியா? கதவுல நசுங்குன விரல் பத்தாதா? எத்தனை கிலோ ஆடு வேணும் உனக்கு?"

மொழிபெயர்ப்பாளனுக்குச் சத்தியப் பிரமாணம் உண்டு. அவர் கத்தினார், நானும் கத்தினேன். அவர் மேசையை அறைந்த இடத்தில் நானும் அறைந்தேன். மரியாதையை அவர் குறைத்த அளவுக்கே குறைத்தேன், ஒரு இம்மிகூட அதிகம் இல்லை. என் ஆயுளில் அரசாங்கத்தை அவ்வளவு திருத்தமாகத் திட்டியதில்லை. ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. அது முன்பே இருந்த விரிசல் என்று முத்திரை இன்றுவரை சாதிக்கிறார்.

நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கையைக் காட்டுங்கம்மா."

தையல்காரி வலது கையை மேசைமேல் விரித்து வைத்தார். மூன்று விரல்கள் விரியவில்லை. நடுவர் பார்த்தார். பிறகு அரசு வக்கீலையும் பார்க்கச் சொன்னார். அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, நடுவர் விடவில்லை. "நல்லாப் பாருங்க. இன்னும் கேள்வி இருக்கா?"

இல்லை.

மதியம் உத்தரவு வந்தது. தையல்காரி இங்கேயே இருக்கலாம். கூடவே, வக்கீலம்மா மேல் விசாரணை. முடியும்வரை எந்த வழக்கிலும் ஆஜராகக் கூடாது.

வாசல் படிக்கட்டில் இறங்கும்போது குக்கருக்குத் தாங்கவில்லை. "முதல்லயே ஜன்னல் சீட்டுன்னு சொல்லித் தொலைச்சிருந்தா, நானும் தப்பிச்சிருப்பேன்ல!"

"என்னை எங்க சொல்ல விட்டீங்கக்கா? கதவைச் சாத்துனீங்க, உங்க கதையைச் சொன்னீங்க, அழ வச்சீங்க, போயிட்டீங்க! என் கதையை நின்னு கேட்டீங்களா நீங்க?"

முத்திரையும் நானும் இரண்டு படி தள்ளி நின்றுகொண்டோம். குக்கர் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"சரி. இப்ப சொல்லு."

"இப்ப எனக்குக் கோவமா வருது."

"எனக்கும்தான் வருது. சொல்லு."

தையல்காரி உட்காரவில்லை. நின்றபடியே, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு, கல்யாண நாளிலிருந்து ஆரம்பித்தார்.