ஓடாத ஃபிரிட்ஜுகள்

சித்தப்பா கீழ்த்தட்டில் பால் பாக்கெட்டுகளைத் திணித்துக் கதவைச் சாத்தியதும் ஃபிரிட்ஜ் உடம்பை ஒரு உதறு உதறியது. அதன் தலையில் இருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"ஊருக்கெல்லாம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பாத்தாரு அண்ணன். சொந்த வீட்டு ஃபிரிட்ஜைப் பாரு" என்றார். சொல்லி முடித்த பிறகுதான், இனி அதைச் சொல்லிச் சீண்ட ஆள் இல்லை என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்தார். பொடிசைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார்.

பொடிசு என்பது அப்பா வைத்த பெயர். அவள் அப்பாவின் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்ட பிறகும் அந்தப் பெயர் மட்டும் வளரவில்லை. காலையிலிருந்து அவள் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தாள். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினாள். அப்பாவைக் கிடத்தியிருந்த ஹாலுக்குப் போனால் கண் சும்மா இருக்காது. நேற்று மாலை அப்படித்தான் ஆனது. அப்பாவின் நகத்தடியில் இருந்த கிரீஸ் கறையை அத்தை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. 'கறை போகாததை எழுதலாம்' என்று ஓர் எண்ணம் பொடிசுக்குள் எட்டிப் பார்த்தது. தன் கன்னத்தில் தானே ஒன்று விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. எழுதிய வரைக்கும் போதாதா?

கோடை விடுமுறைக்கு, எழுத ஆசைப்படும் பிள்ளைகளுக்கென்று நடக்கும் முகாமுக்கு அப்பாதான் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். தங்கும் அறையில் ஜன்னல் சாத்துகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எல்லாம் திருகிப் பார்த்தார். கிளம்பும்போது, "யாரைப் பத்தி வேணா எழுது. என்னை மட்டும் விட்டுடு. ரிப்பேர் பாக்குறவன்கிட்ட என்ன கதை இருக்கு?" என்றார்.

அவள் அவரைப் பற்றித்தான் எழுதினாள். இழக்கவே விரும்பாத ஒன்றை இழந்துவிட்டதாக எழுதச் சொன்னார் ஆசிரியை. மற்றவர்கள் நாயை, சைக்கிளை, கைப்பேசியை எழுதினார்கள். தலைப்பு என்று எல்லோரும் கூப்பிடும் பையன் வழக்கம்போலத் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தான். பொடிசு ஒரே மூச்சில் அப்பாவைச் சாகடித்தாள். மழை, பட்டறை, அவர் மூச்சு நிற்கும் நொடியில் அங்கிருந்த ஃபிரிட்ஜெல்லாம் ஒரேயடியாக ஓசையடங்கிப் போவது. கேட்டவர்களின் கண் கலங்கியது. கடைசி நாள் பெற்றோர் முன்னால் வாசிக்க அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் முகாம் அலுவலகத்துக்கு போன் வந்தது. யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில், ஃபிரிட்ஜின் பின்பக்கம் குந்தியிருந்த அப்பா, குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. சுட்டெரிக்கும் வெயில்.

அம்மாவுக்கு அந்தக் கதை தெரியாது. தெரியவே கூடாது. இனி பேனாவைத் தொடுவதில்லை என்று வரும் வழியிலேயே பொடிசு முடிவு கட்டிவிட்டாள்.

ஹாலில் அத்தையின் குரல் கேட்டது. "வாயைத் திறந்து அழுதுடும்மா. இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருந்தா எப்படி?"

அம்மா அப்பாவின் தலைமாட்டில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சேதி வந்ததிலிருந்து அழவில்லை, பேசவில்லை. யாராவது தண்ணீர் கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். அவளைச் சுற்றி ஐந்தாறு டம்ளர்கள் நிரம்பியபடியே நின்றன.

வாசலில் வண்டி வந்து நின்றது. அப்பாவைக் கொண்டுபோகும் வண்டி மதியத்துக்குமேல்தானே என்று பொடிசு எட்டிப் பார்த்தாள். முகாம் வேன். மூன்று பேர் இறங்கினார்கள். அவளுக்கு அடுத்த கட்டிலில் படுக்கும் நெட்டை, கண்ணாடிக்காரி, கடைசியாகத் தலைப்பு. ஆசிரியை வாசலிலேயே சித்தப்பாவிடம் நின்றுவிட்டார்.

பிள்ளைகளுக்குச் சாவு வீடு புதிது. செருப்பை எங்கே விடுவது என்றே தெரியாமல் தடுமாறினார்கள். பிறகு அம்மா முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். என்ன சொல்வது? முகாமில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வாசித்து முடித்தால் கைதட்டக் கூடாது, 'நல்லாயிருக்கு' என்று சொல்லக் கூடாது. மனதில் நின்ற ஒன்றை மட்டும் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். எழுதியவர் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. வேறு வழி தெரியாததாலோ என்னவோ, நெட்டை அதையே ஆரம்பித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, எனக்கு மனசுல நின்னது, அங்கிள் ஸ்க்ரூவையெல்லாம் வாயில வச்சுக்கிட்டே பேசுவாரே, அதுதான்."

பொடிசுக்கு நிறுத்து என்று கத்த வேண்டும் போலிருந்தது. முகாம் பழக்கமோ பயமோ, வாய் ஒட்டிக்கொண்டது.

கண்ணாடிக்காரி சொன்னாள்: "போற வீட்டுல நாய் இருந்தா, முதல்ல அதுகிட்ட 'உள்ள வரலாமா சார்'னு கேப்பாரே, அது."

அம்மா அசையவில்லை. அத்தை மட்டும், "நீங்கல்லாம் எம் தம்பிய எங்க பாத்தீங்க?" என்று ஆச்சரியப்பட்டாள்.

தலைப்பு தொண்டையைச் செருமினான். "பயம் வந்தா விசில் அடிப்பாரே, ஆன்ட்டி. அது."

அம்மாவின் தலை நிமிர்ந்தது.

"விசிலா? அவருக்கு விசிலே வராது."

நேற்றிலிருந்து அம்மா பேசிய முதல் பேச்சு. குரல் கரகரத்திருந்தது. "வெறும் காத்துதான் வரும். யாரு சொன்னா உனக்கு?"

மூன்று பேரும் பொடிசைப் பார்த்தார்கள். தலைப்புக்கு ஒன்றைத் தொடங்கினால் முடிக்க வராது என்பார்கள். அன்று பார்த்து முடித்தான். "பொடிசு எழுதுன கதைல வரும் ஆன்ட்டி. அவரு செத்துப் போற..." நெட்டை அவன் தொடையைக் கிள்ளியபோது காரியம் கெட்டிருந்தது.

"என்னது?" அத்தை எழுந்தே விட்டாள். "உசிரோட இருந்த மனுஷனைச் செத்தான்னு எழுதுனியாடி? எழுதுற கையா அது? வாய் வைக்கிறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?"

பொடிசு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அத்தை சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அம்மா. பிறகு மகளைப் பார்த்தாள். "இங்க வா. எப்படிச் செத்தாரு, உன் கதைல?"

"வேணாம்மா."

"சொல்லு."

"பட்டறைலம்மா. மழை பெய்யும். அப்பா மூச்சு நிக்கும்போது... அங்க இருக்கிற ஃபிரிட்ஜெல்லாம் ஒரே நேரத்துல நின்னுடும்."

அம்மா அதைக் கண்ணுக்குள் ஓட்டிப் பார்ப்பதுபோல் இருந்தாள். புருவம் சுருங்கியது.

"பட்டறைல ஃபிரிட்ஜு என்னைக்குடி ஓடியிருக்கு? ஓடாததாலதான அங்க கொண்டுவந்து போடுறாங்க?"

தலைப்பின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் அடுத்துச் சிரித்தது அம்மா. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டு தானும் அழுதாள். டம்ளர் ஒன்று கவிழ்ந்து தண்ணீர் ஓடியது. கண்ணாடிக்காரி தன் துப்பட்டாவால் அதை ஒற்றினாள்.

அம்மா கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தாள். முழுவதும் குடித்தாள்.

"வேற என்னெல்லாம் தப்பா எழுதியிருக்க?"

"தெரியலம்மா. இனிமே எழுத மாட்டேன்."

"தப்புத்தப்பா எழுதி வச்சுட்டு, அப்படியே விட்டுட்டுப் போயிடுவியா? அவரு விடுவாரா?" அம்மா அப்பாவின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள். "ஸ்க்ரூ சரி. நாய் சரி. ஆனா 'சார்'னு கேக்க மாட்டாரு. 'ஐயா'ன்னுதான் கேப்பாரு. பொட்ட நாயா இருந்தாலும் ஐயாதான்."

அத்தை மூக்கை உறிஞ்சினாள். "சின்ன வயசுல நாயைக் கண்டா அவனுக்கு ஆகவே ஆகாது. மரத்துல ஏறிக்குவான்" என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். "அந்த விசில் பழக்கம் என்னோடது. எழுதுறவ அதையாவது சரியாப் போட வேணாமா?"

நெட்டை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்புறம் ஆன்ட்டி?"

"அப்புறம் என்ன. இந்த வீட்டு ஃபிரிட்ஜு இருக்கே, ராத்திரில உதறும். எனக்குத் தூக்கம் போயிடும். இவரை எழுப்புவேன். போயி, அது பக்கவாட்டுல கையை வச்சுக்கிட்டு நிப்பாரு. அடங்கிடும். சரி பண்ணித் தொலைங்களேன்னு சொன்னா, 'சரி பண்ணிட்டா என்னை எதுக்கு எழுப்பப்போற'ம்பாரு."

சமையலறையில் ஃபிரிட்ஜ் உதறத் தொடங்கியது. உள்ளே பால் பாக்கெட்டுகளும் பாட்டில்களும் ஒன்றோடொன்று மோதின. அம்மா பேச்சை நிறுத்தினாள். ஹாலில் இருந்த எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

பொடிசு உள்ளே போனாள். பக்கவாட்டில் கையை வைத்தாள். அடங்கவில்லை. கொஞ்சம் மேலே நகர்த்தினாள், பிறகு பின்னால். சுவரோரம் அவள் விரல்கள் போன இடத்தில் தகடு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கையைப் பதித்து அழுத்தினாள். அதிர்வு அவள் முழங்கை வரை ஏறி, மெல்லக் குறைந்து, வெறும் முனகலாக நின்றது.

"பொடிசு எங்க?" ஹாலிலிருந்து அம்மா கேட்டாள்.

"உள்ள நிக்கிறா, ஆன்ட்டி" என்றான் தலைப்பு.

"அங்க கேக்குதான்னு கேளு. அடுத்ததுதான் முக்கியம்."

"கேக்குதும்மா" என்றாள் அவள், கையை எடுக்காமல்.