வேண்டாம் என்று சொல்லப் போனவர்

என் கணவர் ஜோதம் ஒன்றைச் சொல்லிவிட்டால் மாற்றிக்கொள்ள மாட்டார். ஊருக்கே இது தெரியும். இருபத்தாறு வருஷமாகக் குடித்தனம் நடத்தும் எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அடுப்படியின் வடக்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம் என்று கல்யாணமான வருஷம் சொன்னார். இன்றைக்கும் நான் பட்டப்பகலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டுதான் மாவு பிசைகிறேன்.

அதனால்தான் ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது. பிலடெல்பியாவில் பெரிய மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு மாதம் உட்கார்ந்து, பதின்மூன்று மாநிலங்களுக்கும் சேர்த்து ஓர் அரசியல் சட்டம் எழுதியிருந்தார்கள். அதை ஏற்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே கூடி முடிவெடுக்க வேண்டும். எங்கள் மாசசூசெட்ஸுக்குக் கூட்டம் பாஸ்டனில். ஹாத்வெல் சின்ன ஊர், ஓர் ஆள் அனுப்பலாம். டிசம்பரில் ஊர் ஆண்கள் எல்லாரும் சபைக் கட்டடத்தில் கூடி, குமாஸ்தா அந்தக் காகிதத்தை வரி வரியாக வாசிக்கக் கேட்டார்கள். இங்கிலாந்து ராஜாவை விரட்டி முழுசாக ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் நாட்டுக்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே படை, வரி போட ஒரு பெரிய சபை. சாதாரண மனிதனின் உரிமை இது, இதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தனியாக ஒரு பட்டியல்கூட இல்லை. வேண்டாம் என்று ஊர் தீர்மானம் போட்டது.

"அங்க போயி நீ ஒண்ணும் பேச வேணாம் மாப்ளே," என்றார் என் அண்ணன் அசாஹெல். "பேரைக் கூப்பிடுவான். வேண்டாம்னு சொல்லு. சாப்பிட்டுட்டு வந்து சேரு."

"அதுக்கு எதுக்குய்யா ஒரு மாசம்?"

"ஊர் சோறு போடுதில்ல, உக்காந்து தின்னு."

அண்ணனும் இவரும் அடுத்தடுத்த நிலக்காரர்கள். போரில் இரண்டு குளிர்காலம் ஒரே கம்பளிக்குள் படுத்தவர்கள். ஆளுக்கு ஓர் எருதுதான் உண்டு. இரண்டும் எங்கள் கொட்டிலில் நிற்கும். பனி உருகியதும் இரண்டையும் சேர்த்துப் பூட்டி, ஒரு வருஷம் அவர் நிலத்தில் முதல் உழவு, மறு வருஷம் எங்கள் நிலத்தில். இதற்கென்று எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஒருநாளும் சண்டை வந்தது கிடையாது.

ஊர் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட்டது. ஜோதம் யார் பேச்சையும் கேட்காத மனிதர் என்று நினைத்தார்கள். கேட்க அவருக்கு நேரம் இருந்ததில்லை, அவ்வளவுதான். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் கோடரியைத் தூக்கிக்கொண்டு விறகுப் பக்கம் போய்விடுவார். பாஸ்டனில் அவருக்குப் பிளக்க விறகில்லை, கட்ட வேலியில்லை. நான்கு வாரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முந்நூற்றுச் சொச்சம் பேர் பேசுவதைக் காதால் கேட்டே ஆக வேண்டியிருந்தது. இருபத்தாறு வருஷம் நான் தொண்டை வறளக் கத்தியும் நடக்காததை அந்தப் பெஞ்சு நடத்திவிட்டது. அதன்மேல் எனக்கு இன்னும் பொறாமை உண்டு.

பிப்ரவரி நடுவில் பனிவண்டியில் வந்து இறங்கினார். அண்ணன் எங்கள் அடுப்பருகே காத்திருந்தார். இருவருக்கும் அவரைக்கொட்டையும் பன்றிக்கறியும் போட்டு வைத்தேன்.

"சொல்லிட்டியா?" என்றார் அண்ணன்.

"சொன்னேன்."

"என்னன்னு?"

"சரின்னு."

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். நான் சிரித்தேன். கேலி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஜோதமின் முகத்தைப் பார்த்தேன்.

"உரிமைப் பட்டியல் வேணும், இன்னின்னதைத் திருத்தணும்னு ஒம்பது கேட்டு எழுதி, அதோட சேத்துத்தான் சரின்னு சொல்லியிருக்கோம்," என்றார் ஜோதம். "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு மச்சான். அதுல ஒருத்தன் கையை இன்னொருத்தன் புடிச்சிருக்கான். தலைவர் தப்புப் பண்ணா சபை கேக்கும். சபை தப்புப் பண்ணா தலைவர் மறிப்பார். ரெண்டு பேரையும் கோர்ட்டு பாக்கும். எவனையும் நம்பி எழுதலை. நீ எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பே. அதுக்கு மேல, இந்தச் சட்டமே தப்பா இருந்தா எப்படி மாத்தணும்னு அதுலயே எழுதியிருக்கு. நான் தப்புப் பண்ணுவேன்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்ட ராஜாவை நீ பாத்திருக்கியா?"

"இன்னும் இருவது வருஷம் மனுஷனைக் கப்பல்ல கொண்டாந்து விக்கலாம்னும் எழுதியிருக்கு. அதை மட்டும் விட்டுட்டியே."

"அது எனக்கும் தொண்டையிலேயேதான் நிக்குது," என்றார் ஜோதம்.

"நிக்கட்டும். ஆனா உன் தொண்டையை நாங்க அனுப்பலை. எங்க வாயைக் குடுத்து அனுப்பினோம். அதை வச்சுக்கிட்டு நீ உன் பேச்சைப் பேசிட்டு வந்திருக்கே."

அண்ணன் எழுந்து நேராகக் கொட்டிலுக்குப் போனார். தன் எருதை அவிழ்த்துக்கொண்டு, பனியில் முழங்கால் புதைய நடந்து போனார். எங்கள் எருது ராத்திரி முழுக்கக் கத்தியது. ஜோதம் தூங்குகிறதாகப் பாவனை செய்தார். நானும்தான்.

மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனையில் எங்கள் பெஞ்சுக்கு முன்பெஞ்சு அண்ணனுடையது. அவருடைய பிடரியைப் பார்த்தபடியே ஜோதம் பிரசங்கம் கேட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல், இரண்டு பேர் மேலும் பரிதாபம். இவர் எனக்குப் புருஷன், அவர் என்னைத் தூக்கி வளர்த்தவர். இந்தச் சட்டத்தை எழுதினவர்களில் ஒருவருக்காவது இப்படி ஒரு தங்கச்சி இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் யோசித்து எழுதியிருப்பார்கள்.

மார்ச்சில் ஊரின் வருஷாந்தரக் கூட்டம் வந்தது. பெண்களுக்கு ஓட்டில்லை. ஆனால் மேலே பலகை மாடத்தில் போய் உட்கார்ந்தால் யாரும் கீழே இறக்கிவிட மாட்டார்கள். கால் சூட்டுக்குக் கணப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அண்ணன் எழுந்தார். ஊர் சொன்னதை மீறிய ஜோதமுக்கு ஊரின் கண்டனம், இதை ஊர்ப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்றார். கட்டடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பாதிப் பேர் இதற்குள் ஜோதம் செய்தது சரி என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். கூட்டத் தலைவர் ஜோதமைப் பார்த்து, "நீ ஏதாவது சொல்றியா?" என்றார்.

ஜோதம் எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் பண்ணது சரின்னுதான் இன்னும் நெனைக்கிறேன். ஆனா நீங்க அனுப்பின ஆளு நீங்க சொன்னதை மீறினா, அது புத்தகத்துல ஏறணும். இன்னிக்கு என்னைச் சும்மா விட்டுட்டா, நாளைக்கு அந்தப் பெரிய சபைக்குப் போறவனை எந்த வாயால கேப்பீங்க? அசாஹெல் கேக்கறது நியாயம்."

எங்கள் ஊரில் இப்படிப்பட்ட விஷயத்துக்குக் கைதூக்குவதில்லை. எழுந்து நடக்க வேண்டும். கண்டனம் வேண்டும் என்பவர்கள் கிழக்குச் சுவர், வேண்டாம் என்பவர்கள் மேற்கு. எல்லாரும் எழுந்தார்கள். அண்ணன் கிழக்கே போய் நின்றார். ஜோதமும் எழுந்து, நெரிசலில் தோளால் வழி பண்ணிக்கொண்டு, கிழக்குச் சுவருக்கே போய் அண்ணன் பக்கத்தில் நின்றார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு அப்புறம் அவர் ஜோதமிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். "உனக்கு எதிரா நிக்கறப்பக்கூட என்னைத் தனியா விட மாட்டியா?"

"தள்ளி நில்லு மச்சான், எனக்கும் எடம் வேணும்," என்றார் இவர்.

நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. கண்டனம் நிறைவேறியது. மை உறைந்திருந்ததால் குமாஸ்தா குப்பியை அக்குளில் வைத்துச் சூடாக்கி, அதற்கப்புறம் எழுதினார். ஜோதம் அங்கேயே நின்று, தன் பெயர் சரியாக எழுதப்பட்டதா என்று எட்டிப் பார்த்தார். என்ன மனிதர் இவர் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அத்தனை ஆசையும் வந்தது.

பிறகு அந்த வருஷத்துப் பதவிகள். வேலி பார்க்க இருவர், பாதை பார்க்க இருவர் என்று போய்க் கடைசியில் பன்றிக் காவலர். தெருவில் திரியும் பன்றிகளைத் துரத்திப் பிடிக்கிற வேலை. அந்த வருஷம் கல்யாணமான பையன்கள் தலையில்தான் அதைக் கட்டுவோம். ஊர் சிரிக்க வேண்டும், புதுப்பெண் வெட்கப்பட வேண்டும், அதுதான் வழக்கம்.

"ஜோதம்," என்றார் அண்ணன்.

கூட்டத் தலைவர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "அவனுக்கு அம்பத்தோரு வயசு அசாஹெல். இது புது மாப்பிள்ளைங்களுக்கு."

"தெரியும். இருவத்தாறு வருஷமா அடுத்தவங்க பேச்சைக் காதுல வாங்காத ஆளு. நாலு வாரம் உக்காந்து கேட்டுட்டு வந்திருக்கான். என் தங்கச்சிக்கு இப்பத்தான் புதுசா புருஷன் கெடச்சிருக்கான்."

கட்டடமே சிரித்தது. மேற்குப் பக்கம், கிழக்குப் பக்கம் எல்லாம் சேர்ந்து சிரித்தது. அத்தனை முகமும் மாடத்தைத் திரும்பிப் பார்த்தது. நாற்பத்தேழு வயதில் நான் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அதற்குள்ளே அழுதேன். ஊர் ஒரு மனிதனை வெறுத்து ஒதுக்கினால் அவனை இப்படிக் கேலி செய்யாது.

எதிர்த்து ஒருவர்கூட இல்லை. எந்தப் பதவியானாலும் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஜோதம் வலக்கையைத் தூக்கினார். ஹாத்வெல் ஊருக்கு உண்மையாக நடப்பேன் என்ற இடத்தில் அவர் குரல் உடைந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

அண்ணன் பக்கத்தில் வந்து நின்று அவர் தோளில் கை வைத்தார்.

"இதையாவது ஊர் சொன்னபடி செய் மாப்ளே," என்றார்.