எதையும் போட்டுடாதீங்க

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார் எடிட்டர்.

"தர்பூசணி இல்ல சார் அது. தட்டிப் பாத்தா இனிக்குமா இனிக்காதான்னு சொல்லாது," என்றார் கடைக்காரர்.

"தகடு மெலிசா இருக்கே?"

"உள்ள இருக்கிறதுதான் சார் வேலை பாக்கும். தகடு சும்மா மானத்தை மறைக்க."

கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அந்த வீடியோவை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, முறைத்துக்கொண்டிருந்த சம்பந்திகளை அன்பொழுகப் பார்க்கிறவர்களாக மாற்றித் தருகிறவர் எடிட்டர். வீட்டில் வைத்த பெயர் வீட்டுக்கே மறந்துபோய்விட்டது. பெற்ற அப்பாவே காலையில், "எடிட்டர் எழுந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல ஒரு கோப்பை டீ குடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டவர், கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் மழைக்காலம் முழுவதும் யோசித்திருந்தார்.

யோசிக்காமல் என்ன செய்வார்? வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் அவ்வளவு படுத்தியிருந்தது. அதன் விசிறி வேகமெடுத்தால் மேல்வீட்டுக்காரர் ஹெலிகாப்டர் இறங்குகிறது என்று மொட்டைமாடியில் காயும் துணியை அள்ள ஓடுவார். அது விடுகிற அனலில் ஈரத்துண்டைக் காட்டினால் பலகை மாதிரி விறைத்துவிடும். வெட்டிய துண்டுகளையெல்லாம் கோத்து ஒரே படமாக்குகிற கடைசி வேலை ஒன்று உண்டு, ரெண்டர் என்பார்கள். அதைப் போட்டுவிட்டு ஒருவன் திருமணம் செய்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்து பார்த்தாலும் பாதிதான் முடிந்திருக்கும்.

அப்பா அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். "வேகுது."

ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆயிரம் பேர் தட்டோடு வரிசையில் நிற்கும்போதும் அசராமல் நின்ற மனிதர். அவர் கணக்கில் உலகத்து விஷயங்கள் எல்லாமே ஏதோ ஓர் அடுப்பில்தான் இருந்தன. கோர்ட்டில் கிடக்கும் வழக்கு வேகவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் காதல் அடிப்பிடித்துவிட்டது. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். திரையில் பச்சைப் பட்டை நகர ஆரம்பித்தால், "மூடியைத் திறக்காதே, வேகுது," என்று மருமகளை விரட்டுவார்.

"சரி, அந்தப் பழசுல என்னதான் சார் பிரச்சினை?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அதை ஏன் கேக்கிறீங்க. பாதி ரெண்டர்ல வீட்டுல யாராவது எதையாவது சுவிட்ச் போட்டா, பட்டுனு அணைஞ்சு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. ஒரு தடவை வீட்டுக்காரி அயர்ன் பாக்ஸைப் போட்டா. ஒரு முழுக் கல்யாணம் போச்சு."

"திரும்பக் கல்யாணம் பண்ண வேண்டியதாச்சா?"

"எனக்கு விவாகரத்து ஆகாம இருந்ததே பெரிசு!"

இருவரும் சிரித்தார்கள். அன்று எடிட்டர் போட்ட கூச்சலில் தெரு விளக்கெல்லாம் ஒரு முறை மினுங்கியிருக்கும். அதற்குப் பிறகுதான் வீட்டில் சட்டம் வந்தது: வேகும்போது யாரும் எதையும் போடக் கூடாது. அந்தச் சட்டத்துக்கு அப்பா தானாகவே காவல் அதிகாரியானார். சுவிட்ச்போர்டு பக்கம் ஒரு கொசு போனாலும் எங்கே போகிறாய் என்று கேட்பார்.

கடைக்காரர் ஒரு கனமான பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். "உங்க பவர் சப்ளை கிழடாயிடுச்சு. யு.பி.எஸ்ஸும் செத்திருக்கும். இந்த சப்ளையையும் புது யு.பி.எஸ்ஸையும் போட்டீங்கன்னா வீட்டுல மாவு மில்லே வச்சாலும் அசையாது. ஆனா பழசுலகூட அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் மாதிரி பெரிய சாமானுக்குத்தான் சார் அப்படி ஆகும். ஃபேன், லைட்டு, சின்னச் சின்ன மோட்டாரு இதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. எனக்குத் தெரியும். ஆனா வீட்டுல பிரிச்சுச் சொன்னா குழப்பிக்குவாங்க. அதனால மொத்தமா எதையும் போடாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அதுவும் சரிதான்."

பிராசசர் முடிவாயிற்று. ராம் எவ்வளவு என்பதில் கொஞ்சம் இழுபறி. முந்தின வாரம் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "மாஸ்டர் எத்தனை பேர் இருந்தா என்னடா, வெட்டுற மேடை சின்னதா இருந்தா ஒருத்தன் கையை ஒருத்தன் வெட்டிக்குவான்," என்றிருந்தார். அதை நினைத்துக்கொண்டு இரட்டிப்பாகவே போடச் சொன்னார். மிச்சமிருந்தது கிராபிக்ஸ் கார்டு. இரண்டு பெட்டிகள். ஒன்றில் நினைவகம் அதிகம், இன்னொன்றில் வேகம் அதிகம்.

அப்போதுதான் போன் வந்தது.

"எடிட்டரா?"

"சொல்லுங்கப்பா."

"வெந்துடுச்சா?"

"நான் கடையில இருக்கேன்ப்பா. கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கிறது நீங்க, என்னைக் கேக்கிறீங்க? பட்டையைப் பாத்துச் சொல்லுங்க."

கொஞ்சம் பொறுத்து, "முக்காவாசி... இருக்கும்," என்றார் அப்பா. கடை தரைக்குக் கீழே, அடித்தளத்தில் இருந்தது. அங்கே யார் பேசினாலும் விட்டு விட்டுத்தான் கேட்கும்.

"அப்ப இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். எதையும் போட்டுடாதீங்க."

"இல்ல... நான் என்ன..."

கடைக்காரர் இரண்டாவது பெட்டியைத் திறந்தார். கறுப்பாக, மூன்று விசிறிகளோடு, பஞ்சில் படுத்திருந்தது கார்டு.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நீ பாத்து வாங்கு. பெரிய... அடுப்பா வாங்கு."

"சரிப்பா, வைக்கிறேன்."

நினைவகமா, வேகமா என்ற பேச்சு அதற்குப் பிறகும் நெடுநேரம் நடந்தது. பெரிய அடுப்பைத்தான் வாங்கினார்.

மற்ற பாகங்களைக் கடையிலேயே பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். கார்டை மட்டும் விட்டுவர மனமில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து இடம் விடாத குறை. கைக்குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார்.

கதவைத் திறந்ததும் வீடு அமைதியாக இருந்தது. ஹெலிகாப்டர் இறங்கியிருந்தது. பட்டை கடைசிவரை பச்சையாகி, வேலை முடிந்தது என்று திரையில் எழுதியிருந்தது.

"அப்பா, வெந்துடுச்சு!" என்றார்.

அப்பா கட்டில் விளிம்பில், சுவரில் சாய்ந்து, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் மூச்சு மிஷினின் மூடி. நெபுலைசர் என்று மருந்துக்கடையில் சொல்வார்கள்; இளைப்பு வந்தால் மருந்தைப் புகையாக்கி மூச்சில் அனுப்புகிற சிறு பெட்டி. மூடியின் எலாஸ்டிக் பட்டையைத் தலையைச் சுற்றி ஒழுங்காக மாட்டியிருந்தார். கிண்ணத்தில் மருந்து ஊற்றியிருந்தது. ஒயர் சுவரில் செருகியிருந்தது. வலது கை சுவிட்ச்போர்டுக்குக் கீழே, மெத்தையில் கிடந்தது.

சுவிட்ச் போடவில்லை.

எடிட்டர் தோளைத் தொட்டார். கன்னத்தைத் தொட்டார். பிறகு ஏன் அப்படிச் செய்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டார். பெட்டி ஒரு சின்ன வண்டு மாதிரி முனகியது. மூடிக்குள் வெள்ளையாகப் புகை எழுந்து அப்பாவின் மூக்கைச் சுற்றி, உள்ளே போக வழியில்லாமல் ஓரங்களில் கசிந்தது. எடிட்டர் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

திரை கண்கூடச் சிமிட்டவில்லை.

மருந்து தீரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அணைத்தார். மூடியைக் கழற்றினார். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, ஒயரைச் சுற்றி, பெட்டியை அலமாரியில் போர்வைகளுக்குப் பின்னால், அது எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தார். அப்பாவைப் படுக்கவைத்துத் தலைக்குத் தலையணை கொடுத்தார். இவ்வளவையும் செய்த பிறகுதான் மனைவிக்குப் போன் செய்தார்.

தெருமுனை டாக்டர் வந்தார். பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கும் மனைவி, சீருடையோடு ஓடி வந்தாள். சற்றுப் பின்னால் அக்கா வந்தாள். அக்கா அழுதால் எப்போதும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அன்று சத்தமே இல்லாமல் அழுதாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மிஷின் போட்டிருந்தா பொழைச்சிருப்பாரா டாக்டர்?" என்று கேட்டாள்.

எடிட்டர் கேட்க நினைத்த கேள்வி. அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் நல்ல மனிதர். "போட்டுக்கணும்னு தோணுறதுக்கு முன்னாடியே நடந்திருக்கும்மா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது அவருக்கு," என்றார்.

அக்கா அலமாரியைத் திறந்தாள். போர்வையை விலக்கினாள். "ஆமா. உள்ளயே இருக்கு பாரு. எடுக்கக்கூட நேரம் குடுக்கல."

தண்ணீர்ச் சொம்போடு வந்துகொண்டிருந்த மனைவி வாசற்படியில் நின்றுவிட்டாள். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னது எடிட்டருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மண்டைக்குள் கிராபிக்ஸ் கார்டு ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, இளைப்பு லேசா இருக்கு. மிஷினைக் கட்டில் பக்கத்துலயே வச்சிருக்கேன், மறக்காம போட்டுக்குங்க," என்றிருந்தாள்.

மனைவி அலமாரியைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. சொம்பைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தாள்.

வீடு நிறைந்தது. கேன்டீனில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதை சொன்னார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். அப்பா ஒருமுறை மேனேஜரையே வரிசையில் நிற்கவைத்த கதையில் மேனேஜர் அழுதுவிட்டதாக ஒருவர் சொன்னார். காலில் விழுந்ததாக அடுத்தவர் சொன்னார். அக்கா அப்பாவின் போனை எடுத்துப் பார்த்தாள்.

"டேய் தம்பி, கடைசியா உன்கிட்டதான்டா பேசியிருக்காரு."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"குடுத்து வச்சவன்," என்றார் கேன்டீன்காரர் ஒருவர்.

"என்னடா சொன்னாரு?"

எடிட்டரின் வாய் திறந்தது. வெந்துடுச்சா என்று கேட்டார். அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். எத்தனையோ கல்யாணங்களில் வேண்டாத வார்த்தைகளை வெட்டி எறிந்த கை அது. சுவடே தெரியாமல் ஒட்டத் தெரிந்த கை.

"பெரிசா வாங்குன்னாரு," என்றார். "கம்ப்யூட்டரை."

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். "பாத்தியா, கடைசி மூச்சுலயும் உன் வேலைதான்டா அவருக்கு. தன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்காரா பாரு."

"இல்லக்கா," என்றார் எடிட்டர்.

சாயங்காலம் வண்டி வருவதற்குள் முகம் துடைத்து, தலை வாரி, நல்ல சட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் வெளியே போனார்கள். மனைவி ஒரு வாயகன்ற பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்தாள். துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியைத் துடைத்தாள். இமைகளை, மூக்கை, மோவாயை. அக்கா சீப்போடு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எடிட்டர் அப்பாவுக்குப் போட எடுத்த சட்டையின் பொத்தான்களைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்ன கோடு?" என்றாள் அக்கா.

கன்னத்தில் சிவப்பும் நீலமுமாக ஓர் அழுத்தம். மூக்குக்குப் பக்கத்தில் தொடங்கி, காதுக்கு மேலே போய், நரைமுடிக்குள் மறைந்தது. அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது.

மனைவியின் கை நின்றது. துணியிலிருந்து ஒரு சொட்டு தலையணையில் விழுந்தது. அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள், அதன் ஓரமாகவே ஒரு விரலைக் காதுவரை கொண்டுபோனாள். பிறகு நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"தலகாணி மடிப்பு அண்ணி," என்றாள்.

"ரெண்டு பக்கமுமா?"

"புரண்டு புரண்டு படுப்பாரு."

அக்கா தலையாட்டிவிட்டு முடியைச் சீவத் தொடங்கினாள். மனைவி துணியை மறுபடி நனைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள். இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தி. கோடு அப்படியே இருந்தது.

"இதைப் பிடிங்க," என்றாள், அவர் பக்கம் திரும்பாமல்.

எடிட்டர் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே தண்ணீர் ஓரம்வரை ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.