வடகிழக்குக்குத் திரும்பிய தேவாலயம்

2011 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை, மினசோட்டா மாநிலம் லிண்ட்விக் ஊரின் லூத்தரன் தேவாலயம் கிழக்கிலிருந்து வடகிழக்குக்குத் திரும்பியிருந்தது. சுவரில் விரிசல் இல்லை. அடித்தளம், நிலவறை, மணிக்கூண்டு எல்லாம் சேர்ந்தே திரும்பியிருந்தன. வாசல் தெருமுனைப் பக்கம் போய்விட்டதால் ஆராதனைக்கு வந்தவர்கள் படியைத் தேடிப் பனிக்குள் நடந்தார்கள். உள்ளே எல்லாம் வழக்கம்போல நடந்தது. வெயில் மட்டும் பீடத்தில் விழாமல் பாடகர் குழுவின் மேல் விழுந்தது.

நிலவறையை, வான்கோழி ஆலையில் வேலைக்கு வந்த சோமாலியர்கள் தொழுகைக்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மெக்கா அங்கிருந்து வடகிழக்கில். அந்தத் திசையைக் காட்டத் தரையில் நீல நாடாவைச் சாய்வாக ஒட்டியவர் மாஹத் ஒஸ்மான். ஆலையில் கத்தி பிடிப்பவர், தொழுகையை நடத்துபவரும் அவரே. ஒரு சாவு விருந்துக்குப் பன்றி இறைச்சி ரொட்டியைக் கீழே பரிமாறலாமா என்று வாக்குவாதம் வந்ததிலிருந்து, இரு தரப்பும் படியில் எதிர்ப்பட்டால் வானிலையை மட்டுமே பேசின.

இப்போது ஊர் முழுக்க ஒரே பேச்சு: திருப்பியது சோமாலியர்கள்தான். நிலவறைச் சன்னலில் யாரோ கல்லெறிந்தார்கள். அவர்களை வெளியேற்றுவது பற்றி அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு என்று சபைத் தலைவி ஆர்லிஸ் டொலெஃப்சன் அறிவித்தார். கட்டடத்தை எழுப்பியவர் அவருடைய தாத்தா. இடம் போனால் மாஹத்தின் ஆட்கள் ஆலையின் வாகன நிறுத்தத்தில், உறைபனியில் தொழ வேண்டியதுதான்.

அந்த ஞாயிறு மாஹத்தும் வந்து கடைசி வரிசையில் நின்றார்.

"ஜாக்கி வெச்சுத் திருப்பினீங்களா? உண்மையச் சொல்லுப்பா," என்றார் வெர்லின் என்ற ஓய்வுபெற்ற விவசாயி.

"நாள் முழுக்க வான்கோழி அறுத்துட்டு, ராத்திரி தேவாலயத்தைத் தூக்க எங்களுக்கு ஏதுங்க தெம்பு?"

யாரும் சிரிக்கவில்லை. ஆர்லிஸ் ஒரு திசைகாட்டியோடு நிலவறைக்கு இறங்கினார். கூட்டமும் இறங்கியது. வீட்டில் செய்வதுபோலவே பூட்ஸைக் கழற்றிவிட்டு, நாடாவின் மேல் திசைகாட்டியை வைத்தார். கட்டடத்தோடு நாடாவும் திரும்பியிருந்தது. முள் அதனோடு ஒட்டி நின்றது.

"இந்த வாரம் எந்தப் பக்கம் பாத்துத் தொழுதீங்க?"

"நாடா காட்டுற பக்கம்தாம்மா."

"இது நேர் வடக்கு. கனடாவைப் பாத்துத் தொழுதிருக்கீங்க."

பழி விழுந்த பதற்றத்தில் நாடா யார் நினைவுக்கும் வந்திருக்கவில்லை. மாஹத் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வாரம் முழுக்கவா! நாங்க திருப்பியிருந்தா மொதல்ல இதைத்தானே மாத்தியிருப்போம்?"

வெர்லின் மூக்கால் சிரித்தார். "இவங்களுக்கு நம்ம சபைக் கமிட்டியே தேவலாம்."

வெளியேற்ற வேண்டும் என்றவர்கள் முப்பத்தெட்டு பேர். வேண்டாம் என்றவர்கள் நாற்பத்தொன்று. அன்று மாலை மாஹத் பழைய நாடாவை உரித்தார். புது நாடாவின் மறுமுனையை வெர்லின் பிடித்துக்கொண்டார். இம்முறை அது சாயவில்லை, சுவருக்கு இணையாக ஓடியது. தேவாலயம் பழைய திசைக்குத் திரும்பவில்லை. வசந்தத்தில் நகராட்சி நடைபாதையைத் தெருமுனை வரை நீட்டியது.