குளியலறைத் தரையில் கிடைத்த ஸ்வெட்டர்

வீட்டில் அவளுக்கு நூல்கண்டு என்று பேர். கணவன் வைத்தது. கேலியாக ஆரம்பித்து, நாளடைவில் அவளே ஃபோனை எடுத்து "நூல்கண்டு பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. கையால் ஸ்வெட்டர் பின்னுவதும், மற்றவர்கள் பின்னுவதற்கு டிசைன் போட்டுக் கொடுப்பதும் அவள் தொழில்.

குளிர் தொடங்குவதற்குள் கம்பளி நூல் கடைக்கார அக்காவுக்குப் பல வண்ணத்தில் புது டிசைன் ஒன்று தரவேண்டியிருந்தது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்கு மாட்டி நிறுத்த. ஒன்றும் பிடிபடவில்லை. பூ போட்டாள், மேசை விரிப்பு மாதிரி இருந்தது. பறவை போட்டாள், கோழி மாதிரி இருந்தது. பின்னுவதும் பிரிப்பதுமாக சோபா முழுக்கச் சுருண்ட நூல். கணவன் சில நாட்களாக நின்றுகொண்டேதான் டீ குடித்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவனுடைய மேலாளர் இருவரையும் விருந்துக்கு அழைத்தார். அவன் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

"நூலைப் பத்தி மட்டும் பேச்செடுக்காத, தாயே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் ஏன் எடுக்கறேன்? என் தலைலதான் ஒண்ணுமே இல்லையே" என்றாள் அவள்.

மேலாளரின் மனைவி பல் டாக்டர். வீட்டின் முன் அறையிலேயே கிளினிக் வைத்திருந்தார். வந்தவர்களை வாய் நிறைய வரவேற்று, தட்டுகளை எடுத்து வைத்தார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று நூல்கண்டு குளியலறைக்குள் போனாள்.

போனவள் போனவள்தான்.

பழைய வீடு. குளியலறைத் தரை முழுவதும் விரல் நக அளவு சின்னச் சதுர ஓடுகள். வெளிர் நிறத் தரையில் நீல வைர வடிவங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் செங்கல் நிறத்தில் ஒரு புள்ளி. ஒரு ஓடு ஒரு கண்ணி, ஒரு வரிசை ஓடு ஒரு வரிசைப் பின்னல். யாரோ அவளுக்காகக் கட்டம் போட்டு வைத்த மாதிரி இருந்தது. அதைவிட வேடிக்கை கதவோரம். அங்கே நீல ஓடு தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஓடு பதித்தவர் அதற்குமேல் செங்கல் நிறத்தை அள்ளிப் போட்டிருந்தார். அடுக்கடுக்காக ஒழுங்காக வந்த வைரங்கள் அந்த மூலையில் மட்டும் கட்டவிழ்ந்து தீப்பொறிகளாகச் சிதறின.

ஃபோன் கூடத்தில் கைப்பையோடு கிடந்தது. வெளியே போனால் கண்ணில் இருப்பது கலைந்துவிடுமோ என்று பயம். சட்டைப் பையைத் துழாவினாள். புருவம் தீட்டும் பென்சில் அகப்பட்டது. டிஷ்யூ சுருளை இழுத்தாள், மண்டியிட்டாள், வரைய ஆரம்பித்தாள்.

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"என்னம்மா பண்ற உள்ள? எல்லாரும் தட்டு முன்னாடி உக்காந்திருக்காங்க" என்று கணவன் கிசுகிசுத்தான்.

"இருங்க, தரையப் பாத்துட்டிருக்கேன்."

அவன் கூடத்துக்குத் திரும்பி என்ன சொல்வதென்று தெரியாமல், "லேசாத் தலை சுத்துதாம்" என்றான். டாக்டர் சும்மா இருப்பாரா? ஓடி வந்தார்.

"மயக்கமாம்மா? தாழ்ப்பாளை எடுங்க முதல்ல!"

கதவு திறந்தது. நூல்கண்டு தரையில் முட்டி போட்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி டிஷ்யூ, கன்னத்தில் பென்சில் கறை, முகத்தில் பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு.

"டாக்டர், உங்க தரைய நான் ஸ்வெட்டர் ஆக்கிக்கலாமா?"

கணவன் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "இதையா? குழாய் கசியுதுன்னு அடுத்த வாரம் ஆள் வந்து உடைக்கப் போறாங்க. அந்த மூலையப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். வேலை தெரியாதவன் போட்டது."

"ஐயோ, அந்த மூலைதான் டாக்டர் அழகே! குனிஞ்சு பாருங்களேன்."

டாக்டர் குனிந்தார். என்ன ஆயிற்றென்று பார்க்க வந்த மேலாளரும் குனிந்தார். "அட, ஆமா! தீ மாதிரி இருக்கே" என்று வியந்தபடி நிமிர்ந்தவர், கை கழுவும் தொட்டியில் ணங்கென்று தலையை இடித்துக்கொண்டார். "இவ்வளவு வருஷமா இதுமேலதான் நின்னு பல் தேய்க்கறேன்" என்றார் தலையைத் தடவிக்கொண்டே. சாப்பாடு ஆறிப்போனது. மறுபடி சூடாக்கிச் சாப்பிட்டார்கள். பேச்சு முழுக்க நூல்தான். ஆரம்பித்ததே மேலாளர் என்பதால் கணவன் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டான்.

கிளம்புவதற்குமுன் விளக்கு வெளிச்சத்தில் ஃபோனில் எடுத்த தரையின் படத்தை வைத்துக்கொண்டு அவள் மறுநாள் சின்னத் துண்டு ஒன்று பின்னினாள். சப்பென்று இருந்தது. வெள்ளை கண்ணைக் குத்தியது, நீலம் மந்தமாகக் கிடந்தது. பகல் வெளிச்சத்தில் தரையை மறுபடி பார்த்தாலொழிய வழியில்லை. கையில் கிடைத்த நூலையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினாள்.

டாக்டர் ஒரு நோயாளியை அனுப்பிவிட்டு, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடியே வந்தார். கையில் பல் நிறம் பார்க்கும் அட்டை. வெள்ளையிலிருந்து மஞ்சள்வரை மாதிரிப் பற்கள் வரிசையாகக் குத்தியிருந்தன. குளியலறையில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லாகத் தரையோடு வைத்துப் பார்த்தார்.

"நீங்க பால் வெள்ளை எடுத்திருக்கீங்க. இது அது இல்ல. நாள் முழுக்க டீ குடிக்கிற ஆளோட பல்லு."

இருவரும் சிரித்து அடங்கியபின், டீக்கறை வெள்ளையை நூல்களுக்குள் தேடிப் பிடித்தார்கள். அதைத் தரையில் வைத்ததுமே பக்கத்திலிருந்த நிறங்களெல்லாம் விழித்துக்கொண்டன. நீலமும் ஒரே நீலமில்லை. ஜன்னலோரம் வெளுத்தது, நடுவில் மைநீலம், தொட்டிக்கடியில் மழை மேகம். வெளியே அடுத்த நோயாளி இருமினார். "ஒரு நிமிஷம்!" என்று குரல் கொடுத்துவிட்டு டாக்டர் இன்னொரு நீலத்தைத் தேடினார்.

தரையைச் சொன்னபடி உடைத்துவிட்டார்கள். அதற்குள் ஸ்வெட்டர் வளர்ந்துவிட்டது. உடல் முழுக்க வைரங்கள், இடது கை மணிக்கட்டில் மட்டும் அந்தத் தீப்பொறி மூலை.

கடைக்கார அக்கா தூக்கிப் பார்த்தாள். "அம்சமா இருக்குடி. இந்தக் கை மட்டும் ஏன் இப்படி? தப்பாப் போட்டுட்டியா?"

"தெரிஞ்சேதான் போட்டேன்க்கா. பிரிக்கமாட்டேன்."

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் கண்ணாடி முன் நின்றவர்கள் உள்ளே வந்து முதலில் கேட்டது அந்தக் கையைத்தான். "அதே மாதிரி சிதறணும், ஆனா எனக்கு வலது கைல வேணும்" என்றாள் ஒருத்தி. அக்கா அன்று மாலையே அடுத்த டிசைன் எப்போது என்று கேட்டுவிட்டாள்.

விடுமுறை நாள் காலையில் ஃபோன் அடித்தது. டாக்டர். பின்னால் ஒரே இரைச்சல்.

"நூல்கண்டு, ரயில் நிலையத்துல நிக்கறேன். இங்க ஒரு சுவர் இருக்கு, பாதி பெயிண்ட் உரிஞ்சு அடியில பச்சையும் ரோஜா நிறமும் வரிவரியாத் தெரியுது. உடனே வாங்க!"

"உங்க ரயில்?"

"அது அப்பவே போயிடுச்சு. நீங்க வீட்டுல இருக்கிற பச்சை நூல் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க!"

நூல்கண்டு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.