பஸ்கா மேஜையில் ஒரு குண்டான் சோறு

மாடிப்படியில் அம்மாவின் மூச்சிரைப்பு கேட்டதும் ஓரிட் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். சபீஹா படித் திருப்பத்தில் நின்றிருந்தாள். கையில் துணிப்பை, இடுப்பில் துண்டு சுற்றிய ஒரு குண்டான். பண்டிகை தொடங்கிவிட்டால் பஸ் ஓடாது. ரமத் கான் ஊரிலிருந்து வெயிலிலேயே கிளம்பி வந்திருக்கிறாள்.

"என்னம்மா இது?"

"சோறுதான். சோறில்லாம நமக்கு என்னிக்குடி பஸ்கா நடந்துச்சு?"

"என் மாமியார் வீட்டுல பஸ்காவுக்கு அரிசி தொடமாட்டாங்கன்னு சொன்னேனே."

"அவங்க தொட வேணாம். நான் தொடுவேன். கண்ணு பூத்துப்போற வரைக்கும் பொறுக்கியிருக்கேன். இதுல ஒரு கோதுமை மணி இருந்துச்சுன்னா என் பேரை மாத்தி வெச்சுக்கோ."

பஸ்கா நாட்களில் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. அதனால் பாக்தாத்திலிருந்து வந்த யூதர்கள் அரிசியைத் துணியில் பரப்பி, ஊறினால் புளிக்கும் கோதுமை ஏதாவது கலந்திருக்கிறதா என்று மணி மணியாகப் பார்த்துவிட்டுத்தான் உலையில் போடுவார்கள். போலந்திலிருந்து வந்தவர்கள் வம்பே வேண்டாமென்று அரிசியையே விட்டுவிட்டார்கள். ஓரிட் போலந்துக்காரர் வீட்டு மருமகள். கல்யாணமான பெண் புருஷன் வீட்டு வழக்கத்தைத்தான் கைக்கொள்ள வேண்டும். அவளுக்கு இது முதல் பஸ்கா. ஒரு மாதமாக மாமியாரைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தாள். ஜெபங்களைக்கூட அவர்களுடைய உச்சரிப்பில் தனியாகச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

குண்டானின் ஓரம் நசுங்கியிருந்தது. துண்டில் பழைய மஞ்சள் கறை. வதக்கிய வெங்காயமும் ஏலக்காயும் மணத்தன, படிக்கட்டு முழுவதும்.

"குடு, சமையலறையில வெக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

சமையலறையில் மாமியார் முதுகைக் காட்டியபடி மீனைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஓரிட் நிற்காமல் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனாள். துணி துவைக்கும் தொட்டிக்குப் பின்னால் குண்டானை வைத்தாள். மணம் வெளியே வராதிருக்க, தரை துடைக்கும் வாளியை அதன்மேல் கவிழ்த்தாள். கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

இருட்டியதும் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாமனார் மெண்டல் வெள்ளை அங்கியில், தலையணையில் சாய்ந்து. ராஜாக்கள் போல் சாய்ந்துதான் இன்று உண்ண வேண்டும், அடிமைகள் விடுதலையான ராத்திரி அல்லவா. அவர் புளிப்பில்லாத அப்பத்தை உயர்த்திப் பிடித்தார்.

"எகிப்து தேசத்தில் நம் முன்னோர் உண்ட சிறுமையின் அப்பம் இதுவே. பசித்திருப்பவர் யாவரும் வந்து உண்ணுங்கள்."

கூடவே இன்னொரு குரல் முணுமுணுத்தது. மெண்டல் நிறுத்தினார். "என்ன சொல்றீங்க சம்பந்தியம்மா?"

"நீங்க சொல்றதேதான் சம்பந்தி. நாங்க அதை அரபியிலயும் சொல்லுவோம். அப்பத்தானே வீட்டு வேலைக்காரிக்கும் புரியும்? பசிச்சவங்களைக் கூப்பிடறோம், அவங்களுக்குப் புரியாத பாஷையில கூப்பிட்டா எப்படி?"

மெண்டல் சிரித்துவிட்டார். ஓரிட்டின் கணவன் ஸேவும் சிரித்தான். அவள் காதில் மட்டும் 'அரபி' என்ற சொல் கல்லாக விழுந்தது. மேஜைக்கடியில் அம்மாவின் முழங்காலை அழுத்தினாள்.

விடுதலையின் கதை படித்து, கேள்வி கேட்டு, கசப்புக் கீரை தின்று, கடைசியில் சாப்பாட்டுக்கு வந்தார்கள். மீன் வந்தது. சபீஹா ஒரு வாய் வைத்துவிட்டு மகளின் காதருகே குனிந்தாள்.

"மீனுக்குச் சர்க்கரை போடற வீட்டுலயாடி உன்னைக் குடுத்தேன்?"

"மெதுவா பேசு."

"பசிக்குதுடி. சோத்தக் கொண்டா."

ஸேவ் நிமிர்ந்தான். "என்ன சோறு, அத்தை?"

மாமியார் ஃப்ரீதாவும் பார்த்தார். வெள்ளை மேஜைவிரிப்பு, வெள்ளிக் கிண்ணங்கள், மெழுகுவர்த்தி வெளிச்சம். அதன் நடுவே அந்த நசுங்கிய குண்டான் வந்து உட்காருவதை ஓரிட் நினைத்துப் பார்த்தாள்.

"அம்மா கொண்டுவரதா சொன்னாங்க" என்றாள். "மறந்துட்டாங்க போல."

சபீஹா மகளைப் பார்த்தாள். கோபமில்லை. பஸ்ஸில் தெரிந்த முகம் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, இல்லையென்று புரிந்ததும் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

"ஆமா மாப்பிள்ளை" என்றாள். "வயசாச்சு. அடுப்பு மேலேயே வெச்சுட்டு வந்துட்டேன்."

மீனை எடுத்து இன்னொரு வாய் வைத்தாள்.

ஃப்ரீதா, ஆறுவதற்கு வைத்திருந்த பழக்கூழை எடுக்கத் தாழ்வாரத்துக்குப் போனார். வாளி உருளும் சத்தம் கேட்டது. பிறகு குண்டானை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி வாசலில் வந்து நின்றார்.

"தரை துடைக்கற வாளிக்கு அடியில இருந்துச்சு" என்றார். "சாப்பாட்டுப் பொருளை யாரு அங்க வெச்சது?"

"நான்தான்" என்றாள் சபீஹா உடனே. "உங்களுக்கு ஆகாதேன்னு வெச்சேன். வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல."

"என்ன சம்பந்தியம்மா நீங்க. நாங்க சாப்பிடமாட்டோம், அவ்வளவுதான். வீட்டுல இருக்கக்கூடாதுன்னோ மேஜையில வெக்கக்கூடாதுன்னோ யாரு சொன்னா? போன வருஷம் கீழ் வீட்டு ஏமன்காரம்மா இதே மேஜையில சோறு சாப்பிட்டாங்க." ஃப்ரீதா வெள்ளிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் குண்டானை நடுவில் வைத்தார். "சூடு பண்ணித் தரேன்."

"வேணாம். ஆறினதே போதும்."

"அம்மா வெக்கல" என்றாள் ஓரிட். "நான் வெச்சேன். மறந்துட்டாங்கன்னு சொன்னதும் பொய்தான்."

ஸேவ் தன் தட்டைப் பார்த்தான். மெண்டல் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டி, மறுபடி பழைய பக்கத்துக்கே வந்தார். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவள் தன் தட்டை அம்மாவின் பக்கம் நீட்டினாள். "எனக்கும் கொஞ்சம் போடும்மா."

சபீஹா கரண்டியை எடுத்துத் தன் தட்டில் மட்டும் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு ஆகாதும்மா" என்றாள். "நீ இந்த வீட்டுப் பொண்ணு."

அதில் குத்தல் இருந்ததா என்று ஓரிட்டுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

விருந்தின் முடிவில் எல்லோருக்கும் ஒரு துண்டு அப்பம் கொடுக்க வேண்டும். அதைத் தின்ற பிறகு யாரும் எதையும் உண்ணக்கூடாது. மெண்டல் அந்தத் துண்டைக் கையில் எடுத்தவர், சபீஹாவின் தட்டைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"நிதானமா சாப்பிடுங்க சம்பந்தியம்மா. காத்திருக்கோம்."

சபீஹா நிதானமாகத்தான் சாப்பிட்டாள். மேஜை முழுவதும் காத்திருந்தது. காலித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அம்மா ஒவ்வொரு வாயாக மெல்லும் சத்தத்தைக் கேட்டபடி ஓரிட் உட்கார்ந்திருந்தாள்.